விளக்கேந்திய பெண்ணுக்குப் பெயர் உண்டு

தஞ்சைப் பெரிய கோயிலை மெய்நிகர் காட்சியாகக் காட்டும் பாடம் ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்தது. நான் அங்கே வரலாறு நடத்துகிறேன். ஆறு கண்ணாடிகள், நாற்பது பிள்ளைகள். மடித்துக் கட்டிய இரட்டைச் சடைமேல் கண்ணாடியின் பட்டை நிற்கவில்லை. மாணவிகள் பலர் அதைக் கையால் பிடித்துக்கொண்டேதான் சோழநாட்டைப் பார்த்தார்கள். யாருடைய தலைக்கு அளவெடுத்தார்களோ!

நானும் மாட்டிப் பார்த்தேன். சிலிர்த்தது, மறுக்கவில்லை. 1010ஆம் ஆண்டு, அண்ணாந்தால் விமானம், பக்கத்தில் ராஜராஜன். பார்ப்பவரை அரசனின் தோளருகே நிறுத்தியிருக்கிறார்கள். எதிரே வரிசையாக விளக்கேந்திய பெண்கள், எல்லோருக்கும் ஒரே முகம்.

"டீச்சர், அந்த அக்கா பேரு என்ன?" என்றாள் ஒருத்தி. காட்சியில் யானைக்குக்கூடப் பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த அக்காக்களின் பெயர்கள் அதே கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. திருவையாறு, திருவாரூர், பழையாறை என்று பல ஊர்க் கோயில்களிலிருந்து ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகள். எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்பதுவரை கல்வெட்டில் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரித் தென்சிறகின் தலைவீடு நக்கன் சேரமங்கைக்கு. ஒருத்திக்கு ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்த ஆணுக்கு இரண்டு பங்கு. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு ஒரு வாரம் வகுப்பெடுக்கலாம்.

ஏன் விட்டார்கள்? தேவரடியார் என்றதும் பிள்ளைகள் ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்ற கூச்சம்தான் என்று நினைக்கிறேன். பாடநூலில் பெண் இல்லையென்றால் அந்த இன்மையாவது கண்ணில் படும். இங்கே அவள் இருக்கிறாள், அழகாக, வாய் திறக்காமல். அப்படித்தான் இருந்தாள் என்று பிள்ளை நம்பிவிடுகிறாள், நேரில் பார்த்தவள் ஆயிற்றே.

அவர்களை ஆடவிட்டுக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக முடியும். சேரமங்கையின் வீட்டு உட்புறத்தைக் கற்பனையாகக் கட்டிக் காட்டவும் வேண்டாம். திருவையாற்றை விட்டு அவள் விரும்பி வந்தாளா என்று கல்வெட்டு சொல்லவில்லை. அந்த இடத்தில் காட்சியும் இருட்டாகவே இருக்கட்டும். பிள்ளையை அரசன் அருகிலிருந்து நகர்த்தி அந்தச் சுவரின் முன் நிறுத்தினால் போதும். தஞ்சாவூருக்குப் போக வசதியில்லாத பிள்ளைக்குச் சோழர்கால எழுத்தைப் பெரிதாக்கி, கூடவே இன்றைய எழுத்தில் வாசித்துக் காட்ட இந்தக் கருவியால் முடியும். அதற்காக என்றால் இன்னும் பத்துக் கண்ணாடி வாங்கச் சொல்லி நானே எழுதித் தருவேன்.

அன்று கரும்பலகையில் சேரமங்கையின் பெயரையும் முகவரியையும் எழுதிப்போட்டேன். மறுநாள் காலை அதே மாணவி வந்து நின்றாள்.

"டீச்சர், தலைவீடுன்னா முதல் வீடுதானே? அப்போ பக்கத்து வீட்டுல யாரு?"

கல்வெட்டுத் தொகுதியை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தேன்.