பெயர்சுட்டும் குரல்: ‘குட்ஃபெல்லாஸ்’ திரைப்படத்தில் கதைசொல்லலும் காட்டிக்கொடுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய ‘குட்ஃபெல்லாஸ்’ (1990) குற்றவாழ்வை அழகுபடுத்துகிறது என்னும் கருத்து திறனாய்வில் நெடுநாளாக நிலவி வருகின்றது. அப்படத்தின் கதைசொல்லும் குரல் தொடக்கம் முதலே அரசுத்தரப்புச் சாட்சியின் குரல் என்பதையும், பார்வையாளர் அடையும் இன்பம் காட்டிக்கொடுத்தலின் பயனே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: ஸ்கோர்செசி, மாஃபியா, கதைசொல்லும் குரல், சாட்சியம், பார்வையாளர்

முன்னுரை

நியூயார்க் மாஃபியாவினரோடு இணைந்து இயங்கிய ஹென்றி ஹில் 1980-இல் போதைப்பொருள் வழக்கில் கைதாகி, கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சியளித்து, அமெரிக்க அரசின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தார். அவர் கூறியவற்றை முதன்மை ஆதாரமாகக் கொண்டு நிக்கோலஸ் பிலெஜி எழுதிய ‘வைஸ்கை’ 1985-இல் வெளிவந்தது. பிலெஜியும் ஸ்கோர்செசியும் இணைந்து அதனைத் திரைக்கதையாக்கினர். மூலநூலின் வாக்குமூலத் தன்மையைப் படம் மறைக்கவில்லை. அதனையே தன் வடிவமாக்கிக்கொண்டது.

மீறப்படும் முதற்பாடம்

சட்டவிரோதமாகச் சிகரெட் விற்றுப் பிடிபட்ட சிறுவன் ஹென்றியை நீதிமன்றத்திற்கு வெளியே ஜிம்மி பாராட்டுகிறான். நண்பரைக் காட்டிக்கொடுக்கலாகாது, எப்போதும் வாய்திறக்கலாகாது என்பனவே அவன் கற்பிக்கும் பாடங்கள். ஆயின் இக்காட்சிக்கு முன்பே ஹென்றியின் குரல் குழுவின் மறைசெய்திகள் பலவற்றைப் பார்வையாளரிடம் சொல்லிவிட்டது. பாடம் கற்பிக்கப்படும் கணத்திலேயே அதன் மீறலும் நிகழ்ந்துகொண்டிருக்கிறது.

படத்தில் கதைசொல்லும் உரிமை ஹென்றிக்கும் அவன் மனைவி கேரனுக்கும் மட்டுமே உண்டு. அரசின் பாதுகாப்பை ஏற்றோர் இவ்விருவரே. ஜிம்மி, டாமி, பாலி ஆகியோர்க்கு அத்தகைய குரல் இல்லை. குழுவுக்குள் இருப்போர் கதை சொல்வதில்லை. அதைவிட்டு நீங்கியோரே சொல்கின்றனர்.

இரு அடையாளங்காட்டல்கள்

உணவுவிடுதிக் காட்சியொன்றில் கேமரா மேசைகளுக்கிடையே நகர்கிறது. ஹென்றியின் குரல் ஒவ்வொருவரையும் பெயர்சொல்லி அறிமுகப்படுத்த, அவர்கள் கேமராவை நோக்கி நட்புடன் பேசுகின்றனர். படத்தின் இறுதிப்பகுதியில் சாட்சிக்கூண்டிலிருந்து ஹென்றி, ஜிம்மியையும் பாலியையும் அடையாளங்காட்டுகிறான். முன்னது அன்பின் செயலாகவும் பின்னது துரோகமாகவும் தோன்றினும், பெயரையும் முகத்தையும் வெளியாருக்கு அறியத்தருதல் என்னும் அளவில் இரண்டும் ஒரே செயலே.

இவ்வொப்புமையை நீதிமன்றக் காட்சியே உறுதிசெய்கின்றது. ஹென்றி கூண்டைவிட்டு இறங்கி, நேரே கேமராவை நோக்கிப் பேசத் தொடங்குகிறான். அதுவரை முகமின்றி ஒலித்த குரலும் சாட்சி சொல்லும் உடலும் இங்கு ஒன்றாகின்றன. நீதிமன்றம் கேட்ட சாட்சியத்தைத் தாமும் இதுகாறும் கேட்டுவந்ததைப் பார்வையாளர் உணர்கின்றனர். உண்மை வழக்கோடு தொடர்புடைய அரசு வழக்கறிஞர் எட்வர்ட் மெக்டொனால்டு, பாதுகாப்புத் திட்டத்தை விளக்கும் காட்சியில் தாமாகவே நடித்திருப்பதும் இவ்வெல்லைக் கலப்புக்கு வலுச்சேர்க்கின்றது.

வருந்தாத சாட்சி

எலியா கசானின் ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’ (1954) படத்தில் சாட்சியளித்தல் மனச்சான்றின் விழிப்பாகும். ஹென்றிக்கோ அது உயிர்தப்பும் வழி மட்டுமே. புளோரிடா செல்லுமாறு ஜிம்மி பணிக்கும்போது, தன்னைக் கொல்லத் திட்டமிருப்பதை அவன் உணர்கிறான். அதன்பின் அரசை நாடுகிறான். இழந்த வசதிகளுக்காக வருந்துகிறானேயன்றிச் செய்த குற்றங்களுக்காக அன்று. திருந்தாத ஒருவன் கூறிய உண்மையை நீதிமன்றம் ஏற்கிறது; அவன் கூறிய கதையைப் பார்வையாளர் சுவைக்கின்றனர். கோபகபானா விடுதியின் பின்வாயில் வழியே, இடைவெட்டற்ற ஒரே காட்சியில் உள்ளே செல்லும் களிப்பும் இத்தகையதே. குற்றவாழ்வின் கவர்ச்சி படத்தில் உண்டு. எனினும் அது சாட்சியின் பார்வையில் எஞ்சிய கவர்ச்சியாகவே வைக்கப்பட்டுள்ளது.

முடிவுரை

இறந்துபோன டாமி இறுதியில் தோன்றி நேரே கேமராவை நோக்கிச் சுடுகிறான். ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ (1903) படத்தின் புகழ்பெற்ற காட்சியை நினைவூட்டும் இது, இங்கு வேறொரு பொருளும் பெறுகின்றது. மறைசெய்தியைச் சொன்னவன் அரசின் பாதுகாப்பில் இருக்கிறான். துப்பாக்கி அதனைக் கேட்டு மகிழ்ந்தோரை நோக்கித் திரும்புகிறது. எனவே, குற்றத்தைப் படம் போற்றுகிறதா என்பதோடு, அதனைச் சொல்லும் குரலை எந்நிலையிலிருந்து கேட்கிறோம் என்பதையும் சேர்த்து ஆராய்வதே பொருத்தமுடையதாகும்.