பெயிண்டின் மேல் ஒரு காப்பு

காரின் பெயிண்ட் மீது நிறமற்ற ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி அதைக் கல்லிலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கும் வழக்கம், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை சென்னை, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் விலையுயர்ந்த கார்களோடு நின்றிருந்தது. இன்று திருச்சிராப்பள்ளியிலும் அது புதுக் காரின் விலைப் பேச்சோடு சேர்த்தே பேசப்படுகிறது. தொழில் வட்டாரத்தில் பி.பி.எஃப். என்று சுருக்கமாக வழங்கும் இந்தப் பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிமை ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒட்டலாமா, ஒட்டினால் எவ்வளவு பரப்புக்கு ஒட்டலாம் என்ற கேள்விக்கு விற்பவர் தரும் விடையும், நண்பர்கள் சொல்லும் விடையும் பெரும்பாலும் ஒருபக்கச் சார்புடையவை. பொருளின் இயல்பையும் கார் ஓடும் சாலையின் இயல்பையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால், இது முழுதாக ஏற்கத்தக்கதோ முழுதாகத் தள்ளத்தக்கதோ ஆகாத வழக்கம் என்பது புலப்படும்.

முதலில், காக்கப்படும் பொருள் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் காரின் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம் தரும் அடிப்பூச்சு, அதன் மேல் பளபளப்புத் தரும் கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக ஏறும் பூச்சுகளின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான் வரைதான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவற்றுள் வெயிலையும் கீறலையும் தாங்கும் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். ஒவ்வொரு முறை மெஷின் பாலிஷ் போடும்போதும் அது சிறிது சிறிதாகத் தேய்கிறது. அதன் மேல் ஒட்டப்படும் ஃபிலிமின் தடிமனோ 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். அதாவது, காப்பு தான் காக்கும் பொருளைவிடத் தடிமனானது. செராமிக் கோட்டிங், டெஃப்லான் கோட்டிங் என்ற பெயர்களில் விற்கப்படும் திரவப் பூச்சுகள் சில மைக்ரான் அளவே படிபவை என்பதால், நீரை ஒட்டவிடாமல் வழியச் செய்வதிலும் கழுவுவதை எளிதாக்குவதிலும் அவை உதவுமே தவிர, பறந்து வரும் கல்லைத் தடுப்பதில் அவற்றுக்கு ஃபிலிமுக்குள்ள ஆற்றல் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விலை பேசுவது விற்பனையில் அடிக்கடி நிகழும் குழப்பம்.

இந்தப் படலத்தின் பிறப்பு காரோடு தொடர்புடையதன்று. வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் சுழலிறக்கைகள் மணலும் தூசும் மோதி அரிக்கப்பட்டதால், அவற்றின் முன்விளிம்பில் ஒட்டுவதற்கெனப் பாலியூரித்தேன் என்ற மீள்தன்மையுள்ள பிளாஸ்டிக்கால் ஆன நாடா உருவாக்கப்பட்டது. பின்னர் அது பந்தயக் கார்களின் முகப்புக்கும், அங்கிருந்து சாலையில் ஓடும் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. வேகமாக வந்து மோதும் சிறு துகளின் விசையைப் பரப்பி உள்வாங்கிக்கொள்வதே அன்றும் இன்றும் அதன் முதல் வேலை என்பதை இந்த வரலாறு நினைவூட்டுகிறது. மற்றப் பயன்களெல்லாம் அதன்மேல் பின்னர் ஏற்றப்பட்டவை.

அந்த முதல் வேலைக்குத் திருச்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் குறைவில்லை. சமயபுரம் சுங்கச்சாவடியைக் கடந்து பெரம்பலூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகளும், டால்மியாபுரம், அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கான லாரிகளும் ஓயாமல் ஓடுகின்றன. தார்ப்பாய் சரியாக மூடப்படாத ஒரு லாரியின் பின்னால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் பானெட்டில் விழும் சிறு ஜல்லித் துண்டு, கிளியர் கோட்டையும் நிறத்தையும் ஒருசேரப் பெயர்த்து, மிளகின் பாதி அளவில் ஒரு வெண்புள்ளியை விட்டுச் செல்லும். அந்தப் புள்ளியின் நடுவில் தகடு தெரிந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் அதன் விளிம்பில் செம்பழுப்பாகத் துரு எட்டிப்பார்க்கும். ஸ்போர்ட்ஸ் காரின் முகப்பு தரையை ஒட்டித் தாழ்ந்தும் அகன்றும் இருப்பதாலும், அகலமான டயர்கள் எறியும் கற்கள் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள கதவடிப் பகுதியில் நேராகத் தாக்குவதாலும், சாதாரணக் காரைவிட அதற்கு இந்தச் சேதம் கூடுதலாகவே நேர்கிறது.

சேதமடைந்தால் மறுபடி பெயிண்ட் அடித்துக்கொள்ளலாமே என்ற எளிய எதிர்வாதத்துக்கு விடை சொல்லுமிடத்தில்தான் ஃபிலிமின் தரப்பு மிக வலுவாக நிற்கிறது. தொழிற்சாலையில் கண்ணாடி, ரப்பர், மின்கம்பி எதுவும் பொருத்தப்படாத வெற்று உடலை ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு இறுக்கும் பூச்சை, முழுதாகக் கோக்கப்பட்ட ஒரு காரின்மேல் எந்தப் பட்டறையும் திரும்பச் செய்ய முடியாது. பட்டறையின் பெயிண்ட் பூத்தில் 60 முதல் 80 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் காரின் மற்றப் பாகங்கள் கெடும். அதற்கேற்ற வேறு வகைப் பெயிண்டைத்தான் பட்டறை பயன்படுத்துகிறது; கைதேர்ந்த பெயிண்டர் நிறத்தைப் பொருத்திக் காட்டலாம் என்றாலும், முத்துநிற, உலோகநிறப் பூச்சுகளில் சாய்வெயில் படும்போது ஒட்டுப் போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய கார் வாங்குவோர் தடிமன் அளக்கும் கருவியை ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்து 'கம்பெனி பெயிண்ட்' என்று உறுதி செய்துகொள்வதும், அப்படி இல்லாத காரின் விலையைக் குறைத்துக் கேட்பதும் இதனால்தான். ஒருமுறை போனால் திரும்பாத ஒன்றைக் காப்பது என்ற அளவில் ஃபிலிமுக்கான செலவு ஆடம்பரம் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுபடுகிறது.

ஆனால் நெடுஞ்சாலைக்குப் பொருந்தும் இந்த நியாயம் ஸ்ரீரங்கத்தின் வீதிகளுக்குள் நுழைந்ததும் தளர்ந்துவிடுகிறது. உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் வீட்டு வாசலிலேயே நிறுத்தப்படும் காருக்கு நேரும் சேதம் பறக்கும் கல்லால் வருவதன்று. இருசக்கர வாகனத்தின் ஹேண்டில் பாரும், திருவிழா நாட்களில் நெருக்கியடித்து நகரும் கூட்டத்தின் பைகளும், உடலை உரசிச் செல்லும் மாட்டின் கொம்பும் ஏற்படுத்தும் சேதங்களில் பாதி நசுங்கல். ஃபிலிம் கீறலைத் தாங்கும். தகடு குழிவதைத் தடுக்க அதற்கு வலு இல்லை. வெப்பத்தில் கீறல் தானே மறையும் என்று விளம்பரப்படுத்தப்படும் பண்பும், துணியால் துடைக்கும்போது விழும் நூலிழைக் கோடுகளுக்கும் மெல்லிய உரசல்களுக்கும் மட்டுமே உரியது: ஃபிலிமின் மேலடுக்கு சூடானதும் நெகிழ்ந்து பழைய வடிவத்துக்குத் திரும்புவதால் அவை மறைகின்றன. படலத்தையே அறுத்துவிட்ட வெட்டு எந்த வெயிலிலும் ஒன்றுகூடாது.

வேகத்தடைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தியச் சாலைப் பேரவையின் நெறிமுறை வேகத்தடைக்கு வகுத்த உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், பல ஸ்போர்ட்ஸ் கார்களின் தரை இடைவெளி 11 முதல் 13 சென்டிமீட்டர் வரைதான். நெறிப்படி கட்டிய வேகத்தடையே இவற்றுக்கு நூலிழைத் தப்பு என்னும்போது, தெருக்காரர்கள் தாமாகக் கட்டிக்கொண்ட குறுகிய, செங்குத்தான மேடுகளில் முன் பம்பரின் கீழுதடு தேய்வது உறுதி. அந்த உதட்டில் ஒட்டிய ஃபிலிம் சில மாதங்களிலேயே நைந்து கிழியும். அது கிழிவது தோல்வி ஆகாது, அங்கே அது இருப்பதே பெயிண்டுக்கு மாற்றாகத் தேய்வதற்குத்தான். அந்தச் சிறு துண்டை மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்ள ஆகும் செலவும் குறைவு.

வெயிலையும் பறவை எச்சத்தையும் பொறுத்தவரை விற்பனைப் பேச்சுக்கும் நடப்புக்கும் இடைவெளி பெரிது. கோடையில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில், வேப்ப மரத்தடியில் நிறுத்திய காரின்மேல் விழும் எச்சத்தின் அமிலம் சில மணி நேரத்திலேயே கிளியர் கோட்டில் தழும்பை உண்டாக்கும். ஃபிலிம் இருந்தால் அந்தத் தழும்பு ஃபிலிமில் விழும், அவ்வளவுதான். ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் படியும் வெள்ளைத் திட்டுகளும் அப்படியே. கழுவ வேண்டியதும் துடைக்க வேண்டியதும் குறையாமல் இருக்க, ஃபிலிம் ஒட்டியாயிற்று என்ற நிம்மதியில் கவனம் மட்டும் குறைந்துவிடுவது இந்த வழக்கம் உருவாக்கும் மனப்போக்குகளில் மிகவும் கெடுதலானது.

ஒட்டும் வேலையின் தரம் பொருளின் தரத்துக்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது. சோப்புக் கரைசல் தெளித்த தகட்டின்மேல் ஃபிலிமை மிதக்கவிட்டு, நிலைநிறுத்தி, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நீரைத் தள்ளி வெளியேற்றி, வளைவுகளில் ஹீட் கன்னால் இளக்கி இழுத்து, விளிம்பை உள்மடித்து முடிக்கும் இந்த வேலையில் ஒரு மணல் துகள் உள்ளே சிக்கினால் அது ஃபிலிமின் ஆயுள் முழுதும் ஒரு கொப்புளமாக நிற்கும். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று காவிரி மணலையும் தெருப் புழுதியையும் சேர்த்து அள்ளி வரும் நகரத்தில், ஷட்டர் திறந்த கடையில் இதைச் செய்வது வீண்செலவு. அதைவிடப் பெரிய ஆபத்து, ஃபிலிமைக் காரின்மேல் வைத்தே பிளேடால் வெட்டும் பழக்கம்: சற்றே அழுந்திய கை, காக்க வந்த கிளியர் கோட்டிலேயே ஒரு நேர்க்கோட்டை அறுத்துவிடும்; ஃபிலிமை உரிக்கும் நாள் வரை அந்த வெட்டு யார் கண்ணிலும் படாது. கணினியில் அந்தந்தக் கார் வடிவத்துக்கேற்ப முன்னரே வெட்டி எடுத்து ஒட்டும் கடையைத் தேடிப் போவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பொருளிலும் ஏமாற்றத்துக்கு இடமுண்டு. டி.பி.யு. எனப்படும் வெப்பத்தால் இளகும் பாலியூரித்தேனே இந்த வேலைக்கு உரியது. விலை குறைந்த பி.வி.சி. படலங்கள் விரைவில் மஞ்சளித்து விறைத்துப்போகும், டி.பி.எச். என்ற பெயரில் இடைப்பட்ட விலையில் விற்பது பெரும்பாலும் மென்மையாக்கப்பட்ட பி.வி.சி.தான். ஒட்டிய நாளில் மூன்றும் ஒன்றுபோல் பளபளப்பதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. பத்தாண்டு உத்தரவாதம் என்று அச்சிட்ட அட்டையும் பொதுவாக மஞ்சளிப்பு, வெடிப்பு, பசை விடுதல் ஆகியவற்றுக்கே பொருந்துமாதலால், கல்லடியால் விழும் கிழிசலுக்கு அதில் இடமில்லை. தரமான டி.பி.யு. படலத்தைக் கார் முழுதும் ஒட்ட, காரின் அளவையும் நிறுவனத்தையும் பொறுத்து ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை ஆகும் நிலையில், இந்தத் தொகையைத் துணைப்பொருளாகக் காப்பீட்டில் அறிவித்துச் சேர்க்காவிட்டால், விபத்தில் ஒரு தகடு மாற்றப்படும்போது அதன்மேலிருந்த ஃபிலிமின் இழப்பு உரிமையாளரையே சாரும். சட்டத்தைப் பொறுத்தவரை அச்சத்துக்கு இடமில்லை: 2012 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் விதித்த தடை கண்ணாடிகளில் ஒட்டும் ஃபிலிமைப் பற்றியது, பதிவுச் சான்றிதழிலுள்ள நிறத்தை மாற்றாத தெளிந்த படலத்தைக் காரின் உடலில் ஒட்டுவது அதற்குள் வராது.

இவை அனைத்துக்கும் மேலாக, இந்த வழக்கத்தின் அடிப்படைக் குறை அதன் முடிவைப் பற்றி யாரும் பேசாமையில் உள்ளது. ஃபிலிம் அழிவதற்கென்றே ஒட்டப்படும் பொருள்; ஆனால் விற்கும்போது அது நிலையான கவசமாகச் சித்திரிக்கப்படுகிறது. காப்பு என்பதைப் புதுப்பித்தலோடு சேர்த்தே எண்ணும் மரபு ஸ்ரீரங்கத்துக்குப் புதியதன்று. அங்குள்ள கோயிலில் ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தின்போது உற்சவர் நம்பெருமாளின் பொற்கவசம் களையப்பட்டுத் தூய்மை செய்யப்பட்டுப் பழுது பார்க்கப்பட்ட பின்னரே மீண்டும் சாற்றப்படுகிறது. மூலவர் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி என்பதால் நீர்த் திருமஞ்சனம் இன்றித் தைலக்காப்பு கண்டருளுகிறார், அதையொட்டிக் குறிப்பிட்ட நாட்களுக்குத் திருவடி சேவை நிறுத்தப்படுகிறது. வழிபாட்டையும் வாகனத்தையும் ஒருநிலையில் வைத்துப் பேசுவது இங்கு நோக்கமன்று. எந்தக் காப்பும் காலக்கெடு உடையது, அதைக் களைவதும் மீண்டும் இடுவதும் முறையின் பகுதி என்ற தெளிவுதான் இங்குக் கருதத்தக்கது. கார் ஃபிலிமின் விற்பனையில் அந்தத் தெளிவு இல்லை. திறந்த வெயிலில் நின்று காலம் கடந்த படலம் விறைத்துத் துண்டு துண்டாக உடையும். பசை பெயிண்டோடு தங்கிவிடும். முன்பு பட்டறையில் பெயிண்ட் அடிக்கப்பட்ட தகடாக இருந்தால், உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து பெயர்ந்து வரும். உரித்தெடுத்த ஃபிலிமோ, பசையும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாதபடி கலந்த குப்பையாகக் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். கார் முழுதும் ஒட்டும் முடிவைச் சற்றுத் தயங்கியே எடுக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே, நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு முன் பம்பர், பானெட், முன் ஃபெண்டர்கள், பக்கக் கண்ணாடி மூடிகள், ஹெட்லைட், கதவடிப் பகுதி ஆகிய இடங்களில் டி.பி.யு. ஒட்டுவது நியாயமான முடிவு. கல் வந்து மோதும் பரப்பில் பெரும்பகுதி இவற்றுள் அடங்கிவிடுவதோடு, செலவும் முழு உடலுக்கு ஆவதில் ஒரு பகுதிதான். கூரைக்கும் பின்கதவுக்கும் அதே காரணம் பொருந்தாது. பளபளப்பற்ற மேட் பெயிண்ட் உள்ள காருக்கு மட்டும் கணக்கு மாறுகிறது: அதில் விழும் கீறலைப் பாலிஷ் போட்டு நீக்க முயன்றால் அந்த இடம் பளபளத்துவிடும் என்பதால், மேட் ஃபிலிமை முழுதும் ஒட்டுவதைத் தவிர உருப்படியான வழி கிடையாது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை கொள்ளிடப் பாலம் வரை சென்று திரும்பி, மூடிய கொட்டகையில் நிற்கும் காருக்கு ஒரு நல்ல துணியுறையும் நிதானமான கழுவலும் போதும்; இரண்டு மூன்று ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணமுள்ளவர் முழு ஃபிலிமுக்குச் செலவழித்த பணத்தை விற்பனை விலையில் மீட்பது அரிது. ஒட்டுவது என்று முடிவு செய்தவர், ஒட்டும் கூலியைக் கேட்கும் அதே அமர்விலேயே, ஐந்து ஆறு ஆண்டுகள் கழித்து உரிப்பதற்கான கூலியையும், உரிக்கும்போது பெயிண்ட் பெயர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது முறை. அதை எழுதித் தரத் தயங்கும் கடையில் காரை விடாமல் திரும்பிவிடலாம்.