பெயரில் தங்கிய இழிவு

பெரியார் ஈ.வெ.ரா. 1947 மார்ச் 18ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் ஆற்றிய உரை, ‘இன இழிவு ஒழிய இஸ்லாமே நன்மருந்து’ என்னும் தலைப்பில் சிறுநூலாகி, நம் மேடைகளில் பெருமிதத்துடன் எடுத்தாளப்பட்டு வருகிறது. ‘நன்மருந்து’ என்பதில் மகிழும் நாம், ‘இன இழிவு’ என்பதை ஊன்றிப் படித்தோமா என்பதே நமது வினா.

பெரியார் அகீதாவை விளக்கவோ மறுமைப் பேற்றை வாக்களிக்கவோ முற்படவில்லை. ‘சூத்திரன்’, ‘பஞ்சமன்’ என்னும் பெயர்களைச் சுமந்தவன் அவற்றை இறக்கிவைக்க வழி தேடினார். இழிவு பெயரிலேயே குடியிருக்கிறது; அப்பெயரை ஏற்க மறுப்பதே விடுதலையின் தொடக்கம். இதுவே அவ்வுரையின் வலிமை.

ஆயினும், பழைய பெயரை இறக்கியவனுக்கு ஊர் வேறொரு பெயரைச் சூட்டுகிறது. காவிரிக்கு அப்பால் திருவரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சந்நிதி உண்டு. தில்லி சுல்தானின் மகள் என்பது கோயில் மரபு. ரொட்டியும் அங்கே நிவேதனமாகிறது. ‘துருக்கர்’ என்பதன் திரிபே ‘துலுக்கர்’. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தரும் மரைக்காயரும், நேற்று இஸ்லாத்தைத் தழுவியவரும் துருக்கிய இனப்பெயருக்குள் அடக்கப்பட்டனர். ‘நாச்சியார்’ என்பதோடு சேர்கையில் மரியாதை பெறும் அச்சொல், தெருவில் வசையாகி மண்ணின் மைந்தனை அந்நியனாக்குகிறது.

பிறரைக் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. அல்ஹுஜுராத் அத்தியாயத்தில், சமூகங்களும் கோத்திரங்களும் அமைந்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்னும் வசனமும் (49:13), பட்டப்பெயரால் இழித்தழைப்பதைத் தடுக்கும் வசனமும் (49:11) அருகருகே உள்ளன. தஆருஃப், தனாபுஸ் ஆகிய இவ்விரு செயல்களும் பரஸ்பரத்தைக் குறிக்கும் ‘தஃபாஉல்’ என்னும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. ஒரே பெயர் அறிமுகமாகவும் ஆகலாம், அவமதிப்பாகவும் ஆகலாம்.

2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு, லெப்பை முதலிய பிரிவுப் பெயர்களின் வழியாகவே கிடைத்தது. உரிமை கோரப் பெயர் தேவைப்படலாம். ஆனால், முடிதிருத்தும் குடும்பத்தாரைத் தொழிற்பெயரால் சுட்டி, மணவுறவுக்கு வெளியே நிறுத்துவது எவ்வகை அறிமுகம்?

அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்தபோது, அவரிடம் ஜாஹிலிய்யா எஞ்சியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை புகாரி பதிவுசெய்கிறது. நபித்தோழருக்கே கலிமாவுக்குப் பின்னும் கண்டிப்புத் தேவைப்பட்டதெனில், நாம் எம்மாத்திரம்? திருச்சி உரையை இனி மேடையேற்றுமுன், மருந்தை நம் மஹல்லாவினர் உட்கொண்டனரா என்று கேட்டுக்கொள்வோம்.