நிகழாத படையெடுப்பும் ஆட்டப் பலகையும்

நிகழாத படையெடுப்பைப் போர் விளையாட்டாக வடிவமைப்பவர், கற்பனையை எந்த இடத்தில் புகுத்தினார் என்பதே திறனாய்வின் முதல் வினா. 1940இல் ஜெர்மனி திட்டமிட்டுக் கைவிட்ட இங்கிலாந்துப் படையெடுப்பை, 1974இல் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆடிப் பார்த்தனர்; கரையேறிய படை, கடல்வழி அறுபட்டுத் தோற்றது.

நம் கரைக்கும் இத்தகைய கற்பனை உண்டு. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஆயினும், நகுமோவின் கப்பற்படையோடு தரையிறங்கும் படை வரவில்லை. இலங்கையைக் கைப்பற்றக் கடற்படையினர் கேட்ட துருப்புகளைத் தரைப்படைத் தலைமை மறுத்திருந்தது. எனவே, அறந்தாங்கியை அடுத்த கோட்டைப்பட்டினத்தில் ஜப்பானியரை இறக்க விரும்பும் வடிவமைப்பாளர், முதலில் டோக்கியோவின் அம்முடிவை மாற்றியாக வேண்டும். அதை மறைத்துப் பகடை உருட்டினால் வெறும் பொழுதுபோக்கே மிஞ்சும். அந்த ஏப்ரலில் அஞ்சிச் சென்னையைவிட்டுப் பெருந்திரளாக வெளியேறிய மக்களுக்கோ பலகையில் காய்களே இல்லை. அவர்களைக் கணக்கில் கொள்ளாமல் சாலைகளில் படை நகர்வை எவ்வாறு கணிப்பது?