வழிவலைக்கு ஓர் எல்லை

இல்சா எனப்படும் உல்லம் மீன் ஒருகாலத்தில் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறிக் காவிரியின் மேற்பகுதி வரை வந்தது. கீழணையும், பிறகு 1934-இல் வந்த மேட்டூர் அணையும் அந்த வரவைத் தடுத்துவிட்டன. இன்று திருச்சி உறையூரின் காசிவிளங்கி மார்க்கெட்டில் விலைபேசப்படும் கடல்மீன் ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்தது. வஞ்சிரம் வாங்குபவர் விலை கேட்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார். எந்த வலையில் பட்டது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். வஞ்சிரத்தையும் சூரையையும் பிடிக்கும் முக்கியக் கருவிகளில் ஒன்று வழிவலை.

செவுள்வலையில் இது ஒரு வகை. மேல்கயிற்றில் மிதவை, கீழ்க்கயிற்றில் எடை, நடுவே நைலான் திரை. நங்கூரம் கிடையாது. பொழுது சாய்ந்ததும் வலையை இறக்கி ஒரு முனையைப் படகில் கட்டிவிடுவார்கள். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், போகும் பக்கம் வலையும் படகும் சேர்ந்தே போகும். இருட்டில் வலை தெரியாமல் தலையை நுழைக்கும் மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும். கண்ணைவிடச் சிறியது ஊடே போய்விடும். தூத்துக்குடிப் பக்கம் பெரிய கண் உள்ளதைப் பருவலை என்றும் சிறிய கண் உள்ளதைப் பொடிவலை என்றும் சொல்கிறார்கள். பருவலை, அங்கே சீலா எனப்படும் வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் போடப்படுவது.

இழுவைமடியோடு ஒப்பிட்டால் வழிவலையின் மேன்மை உடனே தெரியும். இழுவைமடி கடலடியைச் சுரண்டி, குஞ்சும் சினைமீனும் பாராமல் அள்ளுகிறது. அதை இழுக்க இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், டீசல் கரையும். வழிவலை தரையைத் தொடுவதில்லை, இழுக்கும் வேலையை நீவாடு பார்த்துக்கொள்கிறது. தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள தருவைகுளம் இந்த வலையை நம்பி, பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போகும் ஊர். இழுவைமடி இல்லாமலும் விசைப்படகுத் தொழில் நடக்கும் என்பதற்கு அந்த ஊரைவிட வேறு சான்று வேண்டாம்.

ஆனால் வலைக்கண் அளவைத்தான் பிரிக்கும், இனத்தைப் பிரிக்காது. ஓங்கில் எனப்படும் டால்பினும் ஆமையும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய உயிர்கள். வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகின்றன. 1950 முதல் 2018 வரை இந்தியப் பெருங்கடலின் சூரைச் செவுள்வலைகளில் சிக்கிய ஓங்கில் போன்ற சிறு திமிங்கில வகை உயிர்கள் சுமார் 41 லட்சம் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மதிப்பீடுதான், அதில் பாதி என்றாலும் பொறுக்கக்கூடியதல்ல. திருச்சிக்குப் பக்கத்துக் கடலான தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 2022-இல் 448 சதுர கி.மீ. பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கும் செவுள்வலை ஓர் ஆபத்துதான். அதே கரையில் வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவர்களே விடுவித்து வனத்துறையின் வெகுமதி பெற்றதும் உண்டு. அறுந்து தொலைந்த நைலான் வலையில் சிக்கியதை விடுவிக்க யாரும் வருவதில்லை. அந்த வலை மக்காமல் கிடந்து, ஆளில்லாமலே மீன் கொல்லும்.

கேடு வலையைவிட அதன் நீளத்தில் இருக்கிறது. நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் பெரிய வழிவலைகளை 1992 முடிவுக்குள் நிறுத்தும்படி ஐ.நா. பொதுச்சபை 1991-இல் தீர்மானம் போட்டது. இந்தியா உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2017-இல் எடுத்த முடிவு இன்னும் கடுமையானது: 2.5 கி.மீ.க்கு மேற்பட்ட வழிவலைக்கு, 2022 முதல், நாடுகளின் சொந்தக் கடலிலும் தடை. தங்குகடல் படகுகளோ பல கிலோமீட்டர் வலையை ஏற்றிச் செல்கின்றன. பல நாள் டீசலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கிப் போகிறவரிடம் பாதி வலையைக் கரையில் விட்டுப் போ என்பது எளிதல்ல. மாற்று வருமானத்துக்கு வழி சொல்லாத தடை, ஏட்டில்தான் இருக்கும்.

வழி இல்லாமலும் இல்லை. பாகிஸ்தானில் வலையை நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் கீழே இறக்கிப் போட்டுப் பார்த்தார்கள். ஓங்கில் சிக்குவது பெருமளவு குறைந்தது. தேவைப்பட்டது கூடுதல் கயிறுதான். பாக் விரிகுடாவில் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக 2017-இல் வந்த திட்டத்தின் படகுகள் சூரைத் தூண்டிலும் செவுள்வலையும் கொண்டவை. தொடக்கத்தில் 80 லட்சம் ரூபாய் என மதிப்பிட்ட அந்தப் படகுக்கு 70 விழுக்காடு அரசு மானியம் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பொதுப்பணம் போகும் இடத்தில் தூண்டிலுக்கு முதலிடம், வலைக்கு 2.5 கி.மீ., மிதவைக்கும் வலைக்கும் நடுவே இரண்டு மீட்டர் கயிறு என்று நிபந்தனை எழுதுவதில் தவறில்லை. இதைச் சரிபார்க்க நடுக்கடலுக்குப் போகவும் வேண்டாம். வலை ஏற்றும் இறங்குதளத்திலேயே அளந்துவிடலாம்.