‘வெரி’யை விரட்டும் பட்டியல்கள்

கைப்பேசியைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் ஆங்கிலம் திருத்த வந்துவிடுகிறார். ‘வெரி டயர்ட்’ என்று சொல்லாதே, ‘எக்ஸாஸ்டட்’ என்று சொல். ‘வெரி பிக்’ வேண்டாம், ‘ஹ்யூஜ்’. ‘வெரி ஹங்ரி’ போய் ‘ஸ்டார்விங்’ வரட்டும். இடப்பக்கம் சிவப்புப் பெருக்கல் குறி, வலப்பக்கம் பச்சை டிக், நடுவில் ஒரு சமன் குறி. அரை நிமிட ரீலில் பாடம் முடிந்தது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளும் இதையே பிரதியெடுத்துக் கையில் கொடுக்கின்றன. மும்பையின் செம்பூரிலும் தாராவியிலும் முதல் நேர்காணலுக்குத் தயாராகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை மனப்பாடம் செய்வதே ஆங்கிலத்தில் முன்னேறுவது என்றாகிவிட்டது.

இந்தப் பட்டியல்களால் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. காசு கேட்பதில்லை, எளிதில் மனதில் நிற்கின்றன. ‘குட்’, ‘நைஸ்’, ‘பிக்’ என்று நாலைந்து சொற்களோடு நின்றுவிட்டவருக்குப் புதிதாக இருபது சொற்கள் அறிமுகமாகின்றன. வாய் திறக்கக் கொஞ்சம் தைரியமும் வருகிறது. ‘டைனி’, ‘ஹ்யூஜ்’ போன்றவற்றைப் பெரும்பாலும் பயமில்லாமல் மாற்றிப் போடலாம். டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் செய்து பம்பாய்க்கு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் ஆங்கிலச் சொல்வளம் எதற்கு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

கோளாறு, இரண்டும் ஒன்றே என்று சொல்லும் அந்தச் சமன் குறியில் இருக்கிறது.

‘வெரி’யை விரட்டும் இந்த மோகத்துக்கு ஆதாரமாகப் பலரும் காட்டுவது 1989இல் வந்த ‘டெட் பொயட்ஸ் சொசைட்டி’ படத்தை. சிறந்த திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கிய படம். ராபின் வில்லியம்ஸ் நடித்த ஆசிரியர், ‘வெரி’ என்பது சோம்பேறிகளின் சொல் என்று வகுப்பில் முழங்குகிறார். ‘வெரி டயர்ட்’ இடத்தில் ‘எக்ஸாஸ்டட்’ வைக்கிறார், சரி. அடுத்து ‘வெரி சேட்’ இடத்தில் ‘மொரோஸ்’ வைக்கிறார். ‘மொரோஸ்’ என்றால் மிகுந்த துக்கம் அல்ல. யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத சிடுசிடுப்பு. தகப்பனைப் பறிகொடுத்து நிற்கும் மகனை ‘மொரோஸ்’ என்றால் அவன் துக்கம் சொல்லப்படவில்லை, அவன் குணத்தின் மேல் ஒரு குறை சொல்லப்படுகிறது. மூல உபதேசமே இரண்டாவது எடுத்துக்காட்டில் சறுக்கியிருக்க, முப்பது வருடங்களுக்கு மேலாக அதற்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நகல்கள் இன்னும் மோசம். ‘வெரி க்ரவுடட்’ என்பதற்குப் பட்டியல் தரும் சொல் ‘பஸ்லிங்’. கடைத்தெருவுக்கு அது பொருந்தும். அதில் கலகலப்பு இருக்கிறது, ரசிப்பு இருக்கிறது. காலை எட்டரைக்குச் செம்பூரில் ஹார்பர் லைன் வண்டியின் கம்பியைப் பிடித்து ஒரு காலில் தொங்குகிறவர் அந்தப் பெட்டியை ‘பஸ்லிங்’ என்று சொல்வாரா? ‘வெரி ஓல்ட்’ என்றால் ‘ஏன்ஷன்ட்’ என்கிறார்கள். கோயிலைச் சொல்லலாம், பாட்டியைச் சொன்னால் கேலி. ‘வெரி தின்’ என்பதற்கு ‘ஸ்கின்னி’ என்று போட்டிருக்கும். அதையே அலுவலகத் தோழியைப் பார்த்துச் சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று பட்டியல் எச்சரிப்பதில்லை.

‘வெரி’ சோம்பேறிச் சொல் என்பதும் பொய். இந்திய வானிலைத் துறையின் அளவில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் ‘ஹெவி’, 115.6 முதல் 204.4 வரை ‘வெரி ஹெவி’, அதற்கும் மேலே ‘எக்ஸ்ட்ரீம்லி ஹெவி’. 2005 ஜூலை 26-27இல் மும்பை சாந்தாக்ரூஸில் கொட்டிய 944 மி.மீ. மழை இதில் கடைசி வகை. நடுப்படியில் நிற்கும் ‘வெரி’யை எடுத்துவிட்டால் மேலேயும் கீழேயும் உள்ள படிகளுக்கு அர்த்தமே இல்லை. ‘வெரி ஹெவி’க்குச் சில பட்டியல்கள் தரும் ‘லெடன்’ என்ற சொல்லை மழைக்கு முன் வைத்தால் மும்பையில் ஒருவரும் குடை எடுக்க மாட்டார்கள். மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளை அண்டை வீடாகக் கொண்ட செம்பூர்க்காரர்களுக்குக் காற்றுத் தரக் குறியீடு தெரியும்: 201 முதல் 300 வரை ‘பூர்’, 301 முதல் 400 வரை ‘வெரி பூர்’, அதைத் தாண்டினால் ‘சிவியர்’. பட்டியல்படி ‘வெரி பூர்’ என்றால் ‘டெஸ்டிட்யூட்’. அப்படியானால் செம்பூர்க் காற்றுக்குச் சோறும் துணியும் இல்லை என்று அறிவிக்க வேண்டியதுதான்.

தமிழ் படித்தவருக்கு இது புது விஷயமே அல்ல. மிகுதி என்ற ஒரே பொருளுக்கு நன்னூல் ஆறு உரிச்சொற்களைத் தருகிறது. ‘சாலச் சிறந்தது’ என்கிறோம், ‘உறுபசி’ என்கிறோம், ‘கழிபேருவகை’ என்கிறோம். ஆறுக்கும் பொருள் ஒன்றுதானே என்று ‘சாலப்பசி’ என்று ஒருவரும் எழுதுவதில்லை. எந்தச் சொல் எதோடு சேரும் என்பது மொழியில் பழகிப் பழகி வருவது. ஆங்கிலத்திலும் அதே கதை. ‘ஸ்ட்ராங் டீ’ உண்டு, ‘பவர்ஃபுல் டீ’ கிடையாது என்பதை மொழியியலாளர் ஹாலிடே 1966இலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டார்.

படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடந்த பிள்ளைக்கு இந்தப் பட்டியல் வெறும் வேடிக்கை. தப்பான சொல்லை அதன் காதே தள்ளிவிடும். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு ஜூனியர் காலேஜில் திடீரென்று ஆங்கிலத்துக்குள் தள்ளப்பட்ட பெண்ணுக்கு அந்தக் காப்பு இல்லை. பட்டியல் சொன்னதே அவளுக்கு வேதவாக்கு. அவள் நேர்காணலில் ‘மை ஃபாதர் இஸ் எ வெரி ஓல்ட் எம்ப்ளாயி’ என்று சொல்லியிருந்தால் யாருக்கும் உறுத்தாது. நீண்ட காலமாக வேலை பார்க்கிறார் என்று புரிந்துகொள்வார்கள். ‘ஏன்ஷன்ட் எம்ப்ளாயி’ என்றால் எதிரே இருப்பவர் சிரிப்பை அடக்க வேண்டியிருக்கும். சரியாகப் பேசிக்கொண்டிருந்தவளைப் பிடித்துத் தப்பாகப் பேச வைத்திருக்கிறார்கள். இதைக் கற்பித்தல் என்று சொல்வதே அநியாயம்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்கவென்றே அகராதியாசிரியர் ஹார்ன்பி தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது; பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அச்சிலும் பேச்சிலும் உண்மையில் வழங்கிய வாக்கியங்களைத் திரட்டி 1987இல் கோபில்ட் அகராதி வந்தது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதற்கென்றே 2002இல் ஆக்ஸ்ஃபோர்டு தனி அகராதி போட்டது. சொல்லைத் தனியே பிய்த்துத் தராமல் வாக்கியத்தோடு தருவதுதான் இவற்றின் வழி. பட்டியல்காரர்களும் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, எந்தப் பெயருக்கு முன்னால், யாரைப் பற்றி, யாரிடம் என்று நிரப்பலாம். நிரப்பினால் ரீல் அரை நிமிடத்தில் முடியாது. ஆகவே அந்தக் கட்டத்தை ஒருவரும் போடுவதில்லை.