கோதீர்த்தத்து மோக்ஷமூலரும் மற்ற முல்லர்களும்

ரிக் வேதத்தைச் சாயணர் உரையோடு ஆறு தொகுதிகளாக, 1849 முதல் 1874 வரை கால் நூற்றாண்டு உழைத்துப் பதிப்பித்தவர், அதன் சமஸ்கிருத முகப்புப் பக்கத்தில் தன் பெயரை மோக்ஷமூலர் என்று அச்சிட்டுக்கொண்டார். பிறந்தது சார்மண்ய தேசம், வாழ்வது கோதீர்த்தம் என்று ஊரும் நாடும் அங்கே சொல்லப்படுகின்றன. சார்மண்யம் ஜெர்மனி. கோதீர்த்தம் ஆக்ஸ்ஃபோர்டு, எருது ஆற்றைக் கடக்கும் துறை என்பதுதான் அந்த ஆங்கில ஊர்ப்பெயருக்கும் பொருள். மோக்ஷமூலர் நாம் அறிந்த மாக்ஸ் முல்லர்தான். சென்னையிலும் மற்ற இந்திய நகரங்களிலும் ஜெர்மன் மொழி கற்பிக்கும் நிலையங்கள் அவர் பெயரால் மாக்ஸ் முல்லர் பவன் என்று வழங்குகின்றன. டெல்லியில் ஒரு சாலைக்கும் அவர் பெயர். ஆனால் அவர் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை.

ஊரின் பெயரைப் பொருளறிந்து பெயர்த்தவர், தன் பெயரை மட்டும் ஓசையால் பெயர்த்துக்கொண்டார். பொருளால் பெயர்த்திருந்தால் மோட்சமும் வந்திருக்காது, மூலமும் வந்திருக்காது. முல்லர் என்றால் மாவாலைக்காரர். தானியத்தை அரைத்துக் கொடுத்து அரவைக்கூலி வாங்குபவர்.

அந்தக் குடும்பத்தில் யாரும் மாவு அரைத்ததாகத் தெரியவில்லை. மாக்ஸின் தந்தை வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். வில்ஹெல்மின் தந்தை டெஸ்ஸாவ் நகரத்தில் தையற்காரர். 1823இல் பிறந்த குழந்தைக்கு மாக்ஸ் என்ற பெயர், கார்ல் மரியா ஃபொன் வேபர் இசையமைத்த ஓர் இசைநாடகத்தின் நாயகனிடமிருந்து வந்தது. வேபர் என்ற குடும்பப்பெயருக்கு நெசவாளர் என்று பொருள். ஆக, தையற்காரரின் பேரன், மாவாலைக்காரர் என்ற குடும்பப்பெயரோடு, நெசவாளர் என்ற குடும்பப்பெயர் கொண்டவரின் நாடகத்திலிருந்து தன் பெயரைப் பெற்றான். ஜெர்மன் குடும்பப்பெயர்களின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக விளக்க எனக்குத் தெரியவில்லை. அவை என்றோ ஒரு நாள் ஒருவர் செய்த தொழிலை உறையவைத்துச் சுமந்து வருபவை.

உறைந்தது ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில். முதலில் நகரங்களில், பிறகு நாட்டுப்புறத்தில். இன்று ஜெர்மனியில் மிகுதியாக உள்ள குடும்பப்பெயர்களை வரிசைப்படுத்தினால் முல்லர், ஷ்மிட், ஷ்னைடர், ஃபிஷர், வேபர் என்று வருகின்றன: மாவாலைக்காரர், கொல்லர், தையற்காரர், மீனவர், நெசவாளர். இவற்றில் முல்லர் முதலிடம். சராசரி ஜெர்மானியப் பெண்ணைக் குறிக்க அந்த மொழியில் லீஸ்ஷன் முல்லர் என்றே ஒரு வழக்கு இருக்கிறது.

உழுதவர்களே மிகுதியாக இருந்த நாட்டில் மாவாலைக்காரர் பெயர் எப்படி முதலிடத்துக்கு வந்தது? காரணம் அந்தத் தொழிலின் தனிமைதான் என்று நினைக்கிறேன். ஒரு கிராமத்தில் உழவர்கள் பலர். உழவர் என்று சொல்லி ஒருவரை அடையாளம் காட்ட முடியாது. மாவாலை பெரும்பாலும் ஒன்றுதான். ஓடையை மறித்து அணை கட்ட வேண்டும், நீர்ச்சக்கரம் வேண்டும், பல்சக்கரங்கள் வேண்டும், அரவைக் கல் வேண்டும். இத்தனைக்கும் முதல் போட நிலப்பிரபுவால்தான் முடியும். போட்ட முதலைத் திரும்ப எடுக்க, இந்தக் கிராமத்தார் இந்த ஆலையில்தான் அரைக்க வேண்டும் என்று அவர் கட்டாயமும் விதிப்பார். ஆலையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் குடியிருப்பார். ஊரார் ஒவ்வொருவரும் மூட்டையோடு அவர் வாசலுக்குப் போய் வரிசையில் நின்றாக வேண்டும். முதலில் வந்தவர் முதலில் அரைத்துக்கொள்வார் என்ற சட்ட நெறி 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது; முந்தி வந்தவருக்கு முதல் உரிமை என்ற பொருளில் ஜெர்மானியர் இன்றும் அந்த ஆலைப் பழமொழியைத்தான் சொல்கிறார்கள்.

கூலியைக் காசாக அல்ல, தானியத்தில் ஓர் அளவாக எடுத்துக்கொண்டதால் சந்தேகம் அவரை விடவில்லை. அளக்கும்போது படி சற்றுக் கனத்ததா, மூட்டை சற்று மெலிந்ததா என்று ஊர் பேசிக்கொண்டே இருக்கும். பல ஊர்களில் மாவாலைக்காரரின் பிள்ளைகளைத் தொழிற்குழுக்களில் சேர்க்க மறுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தேவைப்பட்ட, யாரும் முழுதாக நம்பாத மனிதர். அப்படிப்பட்டவரைத்தான் ஊரே பெயர் சொல்லாமல் தொழில் சொல்லிக் குறிப்பிடும்.

ஆயிரக்கணக்கான ஓடைக்கரைகளில், ஒருவரை ஒருவர் அறியாமல், இப்படி ஆயிரக்கணக்கான முல்லர்கள் உண்டானார்கள். குடும்பப்பெயர் என்றதும் குலம் என்றும் பங்காளி என்றும் எண்ணிப் பழகிய நாம் இங்கே நிதானிக்க வேண்டும். இரண்டு முல்லர்கள் சந்தித்துக்கொண்டால் அவர்களுக்குள் உறவு இருக்க வேண்டிய கட்டாயம் சிறிதும் இல்லை. இருவரின் முன்னோர்களும் வெவ்வேறு தண்ணீரை நம்பிப் பிழைத்தவர்கள்.

இதனால் ஒரு தொல்லை எழுந்தது. எல்லோருக்கும் பொதுவான பெயர் யாரையும் சுட்டாது. மாக்ஸ் முல்லர் தன் இயற்பெயர்களில் ஒன்றான மாக்ஸைக் குடும்பப்பெயரோடு ஒட்டிக்கொண்டது இதற்காகவே. கிரேக்க விடுதலைப் போரை ஆதரித்துப் பாடிய அவர் தந்தையை மக்கள் கிரேக்க முல்லர் என்று அழைத்தார்கள். அந்தக் கவிஞர் எழுதியவற்றில் நிலைத்தது, மாவாலைப் பெண்ணொருத்தியைக் காதலித்த ஆலைத் தொழிலாளியின் கதை. 1823இல் ஷூபர்ட் அதை இசைத்தொகுப்பாக்கினார். கவிஞரும் இசைஞரும் சந்தித்ததே இல்லை. தையற்காரரின் மகன் தன் பெயர் சுட்டும் தொழிலைப் பாட்டில் மட்டுமே தொட்டார்.

மற்ற முல்லர்கள் பெரும்பாலும் ஊரை நாடினார்கள். சீத்தலைச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்று படித்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. வெய்மார் குடியரசில் 1920இலும் மறுபடி 1928 முதல் 1930 வரையும் பிரதமராக இருந்த ஹெர்மன் முல்லருக்கு, அவர் தொகுதியின் பெயரைச் சேர்த்து முல்லர்-ஃபிராங்கன் என்று பெயர். கட்டடப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் முல்லர்-பிரெஸ்லாவ் கோட்பாட்டில் பிரெஸ்லாவ் என்பது அதை வகுத்தவர் பிறந்த நகரம். சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தவரான இன்னொரு ஹெர்மன் முல்லர் 1882இல் உருவாக்கிய திராட்சை வகை முல்லர்-துர்காவ். ஒரு காலத்தில் ஜெர்மனியில் மிகுதியாகப் பயிரிடப்பட்ட வெள்ளை ஒயின் திராட்சை அது. ரீஸ்லிங்கையும் சில்வானரையும் இணைத்தது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மரபணுச் சோதனையில் சில்வானர் இல்லை, மத்லேன் ருவாயால் என்ற வேறு வகை என்று தெரிந்தது. பெயரை இவ்வளவு தெளிவாக்கிக்கொண்டவரின் கொடிக்கே பெற்றோர் குழப்பம்.

எல்லோருக்கும் முன்னால், பெயரையே விட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டவர் 1436இல் ஃபிராங்கோனியாவின் கோனிக்ஸ்பெர்கில் பிறந்த வானியலாளர் யோஹான்னஸ் முல்லர். கோனிக்ஸ்பெர்க் என்றால் அரசமலை. அதை லத்தீனில் பெயர்த்து அவர் எழுதிக்கொண்ட வடிவம், அவர் இறந்த பிறகு ரேகியோமொன்டானஸ் என்ற ஒரே சொல்லாக நிலைபெற்றது. 1476இல் ரோமில் நாற்பது வயதில் மறைந்தார். நிலவில் அவர் பெயரில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதே பக்கத்தில், சற்று வடக்கே, முல்லர் என்றே ஒரு பள்ளமும் உண்டு. அது 20ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த கார்ல் முல்லர் என்ற ஆஸ்திரிய வானியல் ஆர்வலரின் பெயர்.

உயிரியல் புத்தகங்களில்தான் இந்தப் பெயர் மாணவர்களை நிஜமாகவே தடுமாற வைக்கிறது. கருவில் பெண் இனப்பெருக்க உறுப்புகளாக வளரும் முல்லர் குழாய், கோப்ளென்ட்ஸ் செருப்புத் தொழிலாளியின் மகனான யோஹான்னஸ் முல்லரின் பெயரால் வந்தது. அறிவியலாளர்களான ஹெல்ம்ஹோல்ட்ஸும் விர்கோவும் அவரிடம் பயின்றவர்கள். விழித்திரையின் முல்லர் உயிரணு, வூர்ட்ஸ்பூர்கின் உடற்கூறியலாளர் ஹைன்ரிக் முல்லருடையது. முல்லர் போலுருவாக்கம் என்பதோ ஃபிரிட்ஸ் முல்லருடையது. இந்த மூவரில் என் மனம் ஃபிரிட்ஸிடமே போய் நிற்கிறது.

எர்ஃபூர்ட் அருகே பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்தும், பட்டம் பெற எடுக்க வேண்டிய உறுதிமொழியில் கடவுள் வருகிறார் என்பதால் எடுக்க மறுத்தார். 1852இல் மனைவி குழந்தையோடு பிரேசிலுக்குக் கப்பலேறி, சாந்தா கத்தரீனாவின் காட்டில் குடியேறினார். அந்தக் குடியேற்றத்தின் பெயர் புளூமெனாவ். அதுவும் ஒரு ஜெர்மானியரின் குடும்பப்பெயர்தான். 1850இல் அதை நிறுவிய ஹெர்மன் புளூமெனாவுடையது. காட்டைத் திருத்திப் பயிர் செய்துகொண்டே ஃபிரிட்ஸ் பூச்சிகளையும் நண்டினங்களையும் கவனித்தார். டார்வினுக்காக என்ற தலைப்பில் 1864இல் அவர் வெளியிட்ட சிறு நூலைப் படித்த டார்வின், ஆங்கில மொழிபெயர்ப்புக்கு முன்நின்று ஏற்பாடு செய்தார். இருவரும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள், நேரில் பார்த்ததில்லை.

அவர் கண்ட உண்மை இது. கசப்பான, பறவைகள் தின்ன விரும்பாத இரண்டு வண்ணத்துப்பூச்சி இனங்கள், ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாதவை, ஒரே சிறகு வண்ணத்தை அணிகின்றன. தீங்கற்ற இனம் கசப்பான இனத்தைப் போல வேடமிடுவதை பேட்ஸ் என்ற இயற்கையியலாளர் முன்பே விளக்கியிருந்தார். இரண்டுமே கசப்பு என்றால் வேடம் எதற்கு? 1878இல் ஃபிரிட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். குஞ்சுப்பறவை ஒவ்வொன்றும் சில பூச்சிகளைக் கொத்தித் துப்பித்தான் கசப்பைக் கற்கிறது. இரண்டு இனமும் ஒரே வண்ணத்தில் இருந்தால் அந்தப் பலியை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. எண்ணிக்கையில் குறைந்த இனத்துக்கு லாபம் அதிகம். வெவ்வேறு வேரிலிருந்து வந்து ஒரே அடையாளத்தில் குவிவதை விளக்கியவரின் பெயர் முல்லர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது. புளூமெனாவில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

ஒரே அடையாளத்தைப் பகிர்வதில் பழியின் பங்கும் உண்டு. யூதர்களை அழித்தொழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைக்க 1942 ஜனவரி 20 அன்று வான்ஸேயில் கூடியவர்களில் ஒருவன், நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போவின் தலைவன் ஹைன்ரிக் முல்லர். அதே பெயரில் இன்னொரு எஸ்.எஸ். அதிகாரியும் இருந்ததால் இவனைக் கெஸ்டாப்போ முல்லர் என்று குறித்தார்கள். ஊருக்குப் பதிலாகக் கொலை நிறுவனம் ஒட்டிக்கொண்ட பெயர். விழித்திரையை ஆராய்ந்தவரும், பிரெஸ்லாவின் பொறியியலாளரும் இவனும் முழுப்பெயரால் ஒன்றே.

கடல் கடந்தபோது பெயர், ஜெர்மனில் அதன் உயிரெழுத்தின் மேல் இடும் இரு புள்ளிகளை இழந்தது. உதட்டைக் குவித்து இகரம் சொன்னால் வரும் அந்த உயிரொலிக்கு ஆங்கில எழுத்து இல்லை; தமிழிலும் இல்லை. சிலர் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதினார்கள், சிலர் புள்ளிகளை மட்டும் விட்டார்கள், பலர் மில்லர் ஆனார்கள். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில், நகரசபை உறுப்பினராக இருந்த ராபர்ட் முல்லரின் பெயரில் 1930இல் திறந்த விமான நிலையம் 1999இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 700 ஏக்கரில் அங்கே எழுந்த குடியிருப்புக்கும் அதே பெயர். எழுத்தில் முல்லர், உள்ளூர்க்காரர் வாயில் மில்லர். அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் முன்னாள் தலைவர் ராபர்ட் முல்லரின் பெயரை அதே எழுத்துகளில் எழுதி வேறு விதமாக உச்சரிக்கிறார்கள்.

ரோஸ்டாக்கில் பிறந்து 1847இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஃபெர்டினாண்ட் முல்லர் விக்டோரியா மாநிலத்தின் அரசுத் தாவரவியலாளரானார், மெல்பர்ன் தாவரவியல் பூங்காவை நடத்தினார், மெக்கடாமியா என்ற கொட்டை மரப் பேரினத்துக்கு 1857இல் பெயரிட்டார். அவர் பெயரை நியூசிலாந்தின் குக் மலையடியில் உள்ள பனியாற்றுக்கு வைத்தவர் ஹாஸ்ட் என்ற இன்னொரு ஜெர்மானியர். முல்லர் பனியாறு இப்போது பின்வாங்கி வருகிறது. உருகிய நீர் தேங்கிய ஏரிக்கும் முல்லர் என்றே பெயராகிவிட்டது.

நமக்கு அருகில், மங்களூரின் கங்கநாடியில், அகஸ்டஸ் முல்லர் என்ற ஜெர்மன் இயேசு சபைப் பாதிரியார் 1880இல் ஹோமியோபதி மருந்து கொடுக்கத் தொடங்கினார். பத்தாண்டில் தொழுநோயாளருக்கு இல்லமும் வந்தது. இன்று அது ஃபாதர் முல்லர் மருத்துவமனை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு முல்லரும் நம் வீடுகளுக்குள் வந்து போயிருக்கிறார். 1953இல் இந்தியா தொடங்கிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுவரெல்லாம் அடித்த டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டவர் பாசல் நகரத்தின் பவுல் முல்லர். அதற்காக அவருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. உயர்வெப்ப மீக்கடத்தலுக்காக 1987இல் பெற்றவர் அலெக்ஸ் முல்லர். 2009இல் இலக்கியத்துக்காகப் பெற்ற ஹெர்டா முல்லர் ருமேனியாவின் பனாட்டில் ஒரு ஜெர்மன் கிராமத்தில் பிறந்தவர். ஒரு பிரபுவின் பெயரைத் தாங்கிய நிட்ஸ்கிடார்ஃப் அவர் ஊர்.

ஜெர்மனியின் ஓடைக்கரைகளில் பழைய ஆலைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. சக்கரம் நின்ற கட்டடங்கள் சில உணவகமாகவும் சில வீடாகவும் மாறியிருக்கின்றன. நாட்டுக்கு வேண்டிய மாவை மின்சாரத்தில் ஓடும் சில பேராலைகள் அரைத்துத் தள்ளுகின்றன. 2017இல் தொழிற்பயிற்சிப் படிப்புகளைத் திருத்தியபோது, இந்தத் தொழிலுக்கான படிப்பின் பெயரிலிருந்து முல்லர் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். மாவாலை, தானியத் துறைச் செய்முறைத் தொழில்நுட்பர் என்பதுதான் இப்போது அந்த ஆளுக்கு அலுவல்முறைப் பெயர்.